பகா லென்ஸும் சம்பந்தி மரியாதையும்

கூடுவாஞ்சேரி
4.10.2025

மதிப்பிற்குரிய சம்பந்தி ஸ்ரீநிவாசராகவன் அவர்களுக்கு,

அனந்தகிருஷ்ணன் அநேக நமஸ்காரம். இங்கு அனைவரும் நலம். உங்கள் பெண் மாளவிகாவும் நலம். எங்கள் வீட்டுக் காபியை முகம் சுளிக்காமல் குடிக்கப் பழகிவிட்டாள்.

என்னடா இது கடிதம் என்று திகைக்க வேண்டாம். ரிசப்ஷன் மேடையில் நாம் இருவரும் போட்ட சத்தத்துக்குப் பிறகு, "இனிமே நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசப்படாது, வாட்ஸப்பும் கிடையாது" என்று மாளவிகா நம் இருவர் போனையும் பிடுங்கி, ஒருவருக்கொருவர் எட்டாதபடி செய்தாளே, அந்த உத்தரவை நான் மீறவில்லை. தபாலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒன்று இன்னும் நடமாடுவது அவள் வயதுக்குத் தெரியாது. போஸ்ட் ஆபீசில் தபால் தலை கேட்டபோது கவுண்டரில் இருந்த பெண் என்னை, உயில் எழுத வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். இருபதாம் தேதி குழந்தைகளுக்குத் தலை தீபாவளி. முறைப்படி பெண் வீட்டில்தான். சீர் என்ன செய்யப் போகிறீர்கள் என்று நாங்கள் கேட்கமாட்டோம். கேட்கிற குடும்பம் இல்லை, கேட்காமலே தெரிவிக்கிற குடும்பம்.

ஆவணியில் கல்யாணத்தின்போது மாப்பிள்ளைக்கு ஆசையாக ஒரு ஐம்பது எம்.எம். லென்ஸ் கொடுத்தீர்கள். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் தெர்மோகோல், அதற்குள் ஊறுகாய் பாட்டில் மூடி அளவுக்கு ஒரு சாமான். "மூடி இருக்கு, லென்ஸ் எங்கேடா?" என்று என் தங்கை பெட்டியைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தாள். மறைமலை நகரில் முப்பத்தோரு வருஷம் கார் பாகங்களை அளந்து 'ரிஜெக்ட்' முத்திரை குத்தியவன் நான். அதைக் கையில் வாங்கியதும் விரல் தானாக முத்திரையைத் தேடியது.

அது முன்னே போகாது, பின்னே வராது. இருந்த இடத்தில் இருக்கும், எங்கள் பழைய ஜி.எம். மாதிரி. தவிர, இந்த இரண்டு நாளாக அதில் எடுக்கிற படமெல்லாம் ஒரே பனிமூட்டம். சரக்கே சரியில்லை. எனவே தலை தீபாவளிக்கு ஒரு எழுபது–முந்நூறு ஜூம் லென்ஸ் என்றால் கையில் பிடித்தாலும் பிடித்த மாதிரி இருக்கும், நாலு பேர் பார்த்தாலும் பார்த்த மாதிரி இருக்கும். ஹர்ஷா வாய்விட்டுக் கேட்கிற பிள்ளை இல்லை. அப்பனுக்குத் தெரியாதா?

அவனுக்கு லீவு இழுபறியாக இருக்கிறது. ராஜகீழ்ப்பாக்கம் வரை வருவது சிரமமானால் தலை தீபாவளியை இங்கேயே வைத்துக்கொண்டால் என்ன என்கிறாள் என் மனைவி சாவித்ரி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அனந்தகிருஷ்ணன்


ராஜகீழ்ப்பாக்கம்
7.10.2025

ஸ்ரீமான் சம்பந்தி அவர்களுக்கு, அடியேன் ஸ்ரீநிவாசராகவன்.

கடிதம் கிடைத்தது. தங்கள் வீட்டில் காபி சுமார் என்று என் பெண் இதுவரை சொன்னதில்லை. தாங்கள் எழுதித்தான் தெரிந்துகொண்டேன்.

தாங்கள் ஊறுகாய் மூடி என்று குறிப்பிட்ட பொருளைப் பற்றி இரண்டு வார்த்தை. கடையில் அதைப் பிரைம் லென்ஸ் என்பார்கள். நான் முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். பிரைம் நம்பர் பகா எண் என்றால் பிரைம் லென்ஸ் பகா லென்ஸ். தன்னாலும் ஒன்றாலும் தவிர வகுபடாது. ஒரே தூரம், ஒரே பார்வை. அது கற்பு. தங்கள் ஜூம் இருக்கிறதே, அது பகு எண். எழுபதாலும் வகுபடும், முந்நூறாலும் வகுபடும், நடுவில் எவன் திருகினாலும் வகுபடும்.

ஜூம் வைத்திருப்பவன் பந்தியில் உட்கார்ந்த இடத்திலிருந்தே "ரசம்! ரசம்!" என்று கத்துகிறவன். படம் பெரிதாக வேண்டுமா, எழுந்து நாலடி முன்னே நடக்க வேண்டும். பகவான் இரண்டு கால் கொடுத்தது ஈஸி சேரில் நீட்டிக்கொள்ள மட்டும் அல்ல. எங்கள் காலனி நலச் சங்கத்தின் காலண்டரில், ஜூன் மாதத்தில், ஒரு மீன்கொத்தி இருக்கிறது. அடியேன் எடுத்தது. அலகில் துடிக்கும் மீனைப் பார்த்து செக்ரட்டரியின் மனைவி ஒரு வாரம் சைவமானார். அதை எப்படி எடுத்தேன்? நடந்தேன்.

ரிசப்ஷனில் பிரசன்னா என்ற அந்த போட்டோகிராபரிடம் "தம்பி, அந்த ஜூம் குழாயை முதல்ல கழட்டு" என்று சொன்னதற்காக நான் இன்றுவரை வெட்கப்படவில்லை. அவன் சாப்பாட்டுக் கூடத்துக்குள் ஓடி ஒளிந்ததும், தாங்கள் மைக்கில் என்னைத் திட்டியதும் என் பொறுப்பில் வராது.

தாங்கள் கேட்பதை வரதட்சணை என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சட்டத்தில் எத்தனை எம்.எம். வரை கேட்கலாம் என்று போடவில்லை. ஆனால் ஹர்ஷா கேட்காததை ஹர்ஷாவின் பெயரில் கேட்பதற்கு வேறு ஒரு பெயர் உண்டு. சம்பந்தி என்பதால் எழுதவில்லை.

மாளவிகா எங்களுக்கு ஒரே பெண். என் மனைவி ரோஹிணி, தீபாவளிக்கு மனோகரம் செய்ய வெல்லம் வாங்கி வைத்துவிட்டாள். அரைமணிக்கு ஒரு தரம், "அவா வருவாளோன்னோ? கேட்டுச் சொல்லுங்கோளேன்" என்று என் எதிரில் வந்து நிற்கிறாள். அதனால் மரியாதையாகக் கேட்கிறேன், குழந்தைகளை அனுப்பி வையுங்கள். இதற்கு மேல் மரியாதை என்னிடம் ஸ்டாக் இல்லை.

பனிமூட்டம் என்றீர்களே, ஒரு படம் அனுப்புங்கள். குறை லென்ஸிலா, பிடித்த கையிலா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அடியேன்,
ஸ்ரீநிவாசராகவன்


கூடுவாஞ்சேரி
10.10.2025

சம்பந்திக்கு,

கணக்கு வாத்தியாரே, ஐம்பது பகா எண்ணா? ரெண்டால் போகும், அஞ்சால் போகும், பத்தால் போகும், இருபத்தஞ்சாலும் போகும். உங்களிடம் படித்த பிள்ளைகளின் கதி என்ன ஆயிற்றோ? அதில் ஒன்று இப்போது எங்கள் வீட்டு மருமகள். பால் கணக்கை இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன்.

நடந்தேன், நடந்தேன் என்று பீற்றிக்கொள்கிறீர்களே, நலங்கின்போது நீங்கள் நடந்ததை நானும் பார்த்தேன். பெண்ணும் பிள்ளையும் உங்கள் கற்புக்கரசி லென்ஸுக்குள் அடங்கவில்லை. கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல் பின்னால் ஓரடி, இன்னும் ஓரடி. "மாமா, பாத்து! மாமா!" என்று ஊரே கத்தியது. நீங்களோ, யாரையோ படத்தைவிட்டு நகரச் சொல்கிறார்கள் என்று நினைத்து, "எல்லாரும் அப்படியே இருங்கோ" என்று கையமர்த்திவிட்டு இன்னும் ஓரடி வைத்து, திறந்திருந்த ஐஸ்கிரீம் பெட்டிக்குள் உட்கார்ந்தீர்கள். என் பக்கத்து உறவுக்காரர்கள் இன்றுவரை உங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. பட்டர்ஸ்காட்ச் சம்பந்தி என்றுதான் வழங்குகிறார்கள். வீடியோ என்னிடம் இருக்கிறது. அது ஜூமில் எடுத்தது. உங்கள் வேட்டியின் கரைகூடத் துல்லியமாகத் தெரிகிறது.

கேட்ட படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். நந்திவரம் ஏரி, காலை ஆறரை, வெள்ளைக் கொக்கு. ஆவி வந்து நிற்பதுபோல் இருக்கிறதா? அதுதான் உங்கள் பகா லென்ஸின் லட்சணம். இதைத் தொழிற்சாலையில் என் மேஜைக்கு அனுப்பியிருந்தால் லாரியோடு திருப்பியிருப்பேன்.

முடிவாக ஒன்று. பதினைந்தாம் தேதிக்குள் ஜூம் என்று பதில் வரட்டும். வராவிட்டால் தலை தீபாவளி கூடுவாஞ்சேரியில்தான். நீங்கள் இருவரும் தாராளமாக வந்து கலந்துகொள்ளலாம். நடந்தே வாருங்கள்.

அனந்தகிருஷ்ணன்


ராஜகீழ்ப்பாக்கம்
13.10.2025

ஸ்ரீமான் அனந்தகிருஷ்ணன் அவர்களுக்கு,

படம் கிடைத்தது. கொக்கு சாம்பிராணிப் புகைக்கு நடுவில் நிற்கிறது. முதலில் சிரித்தேன். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

தண்ணீரில் வெயில் பட்டு மினுக்கும் இடமெல்லாம் ஒழுங்கான லென்ஸில் புள்ளியாக விழ வேண்டும். தங்கள் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் மேலும் கீழும் நீண்டு நெட்டுக்குத்தாக நிற்கிறது. எட்டிப் பார்த்த ரோஹிணி, "ஐயோ, கொக்கைச் சுத்தி எத்தனை நாமம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நந்திவரம் ஏரி எங்கள் சம்பிரதாயத்துக்கு மாறிவிட்டதே என்று எனக்கும் ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் வாத்தியார் புத்தி விடவில்லை. என் மூக்குக்கண்ணாடியில் துளி எண்ணெய் தொட்டு விரலால் படுக்கைவாட்டில் இழுத்தேன். பெருமாள் விளக்கைப் பார்த்தேன். சுடர் மேலும் கீழும் நீண்டது. துடைத்துவிட்டு நெட்டுக்குத்தாக இழுத்துப் பார்த்தேன். சுடர் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. ஆக, கண்ணாடியில் கோடு படுத்திருந்தால் படத்தில் ஒளி எழுந்து நிற்கும். இனி நிரூபணம்: படத்தில் நாமம் தெரிகிறது. ஆகவே லென்ஸில் இருப்பது பட்டை.

எங்கள் வீட்டார் கைபட்டிருந்தால் கோடு நின்றிருக்கும், ஒளி படுத்திருக்கும். பட்டை போடுகிற வீடு இந்தச் சம்பந்தத்தில் ஒன்றுதான். தேதியும் ஒத்துவருகிறது. 'இரண்டு நாளாகப் பனிமூட்டம்' என்று தாங்கள் எழுதியது நான்காம் தேதி. ஆயுத பூஜை ஒன்றாம் தேதி.

லென்ஸுக்கு விபூதி பூசினீர்களா, சம்பந்தி?

முப்பத்தோரு வருஷம் தரக்கட்டுப்பாடு பார்த்தவர். அந்தக் கார்கள் எல்லாம் இப்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் என் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கெடுத்ததும் தாங்கள், சரக்கு சரியில்லை என்றதும் தாங்கள், அதற்கு ஈடாக இன்னொன்று கேட்டதும் தாங்கள்.

குழந்தைகள் பத்தொன்பதாம் தேதி இங்கே வருகிறார்கள் என்று தங்கள் கையால் எழுதி வரட்டும். இல்லையென்றால் இந்தப் படமும் என் நிரூபணமும் ஹர்ஷாவின் ஆபீஸ் விலாசத்துக்குப் போகும். எனக்கும் தபால் தலை விற்கிறார்கள்.

ஸ்ரீநிவாசராகவன்


கூடுவாஞ்சேரி
15.10.2025

சம்பந்தி,

இது இரண்டாவது தாள். முதல் தாளில் எல்லாவற்றையும் சாவித்ரி செய்ததாக எழுதியிருந்தேன். அவள் அதைப் படித்துவிட்டாள். ஆகையால் இதில் உண்மை.

ஆயுத பூஜை அன்று ஸ்கூட்டர், மிக்ஸி, ஹர்ஷாவின் லேப்டாப், என் பழைய ஸ்குரூ கேஜ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கேமராவை மட்டும் விடுவானேன்? சரஸ்வதி எதிரில் கண்ணை மூடிக்கொண்டு உட்காரக் கூடாதே என்று லென்ஸ் மூடியைக் கழற்றினேன். பொட்டை எங்கே வைப்பது? வட்டமாக இருந்தது, நடுவில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் சந்தனம் ஓடு மாதிரி காய்ந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தேன், மஞ்சளாகப் பரவியது. எங்கள் வீட்டு வெள்ளிப் பஞ்சபாத்திரம் விபூதி போட்டுத் தேய்த்தால் கண்ணைப் பறிக்கும். மூன்று விரலால் தொட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அழுத்தி இழுத்தேன். அறுபது வருஷப் பழக்கம், கைக்கு வேறு திசை தெரியாது.

மேற்குத் தாம்பரத்தில் ஜெயவேலு என்று ஒருவர் கேமரா ரிப்பேர் பார்க்கிறார். எடுத்துக்கொண்டு போனேன். வெளிச்சத்தில் பிடித்தவர் என் நெற்றியைப் பார்த்தார், லென்ஸைப் பார்த்தார், மறுபடி என் நெற்றியைப் பார்த்தார். "இன்னா சார், ரெண்டு பேரும் ஒரே கோயிலாண்ட போய்ட்டு வந்துகினு கீறீங்களா? மேல்பூச்சு பூட்ச்சு சார். கண்ல புரை வுழுந்தா மாரிதான். இத்த வச்சிகினு பேஜாராயிடும், வூட்ல சாமி ரூம்லயே வச்சிரு" என்றார். கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்வது?

தலை தீபாவளியை இங்கே வைக்கலாம் என்று சாவித்ரி சொன்னதாக எழுதியதும் பொய். ஹர்ஷாவுக்கு லீவு என்றைக்கோ கிடைத்துவிட்டது. அவன் லென்ஸ் எதுவும் கேட்கவில்லை. ஜூம் வேண்டியது எனக்கு.

வி.ஆர்.எஸ். வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகு காலையில் எனக்கு வேலை என்று இருப்பது அந்த ஏரிதான். கொக்கு நிற்கிற இடம் கரையிலிருந்து எழுபது எண்பது அடி. கரை சரிவாக இறங்கும். முட்டியில் ஜவ்வு தேய்ந்துபோய் டாக்டர் எனக்குச் சரிவே கூடாது என்றிருக்கிறார். எங்கள் வீட்டு மாடிப்படியையே உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறேன், அதுவும் மாளவிகா கண்ணில் படாத நேரமாகப் பார்த்து. "நாலடி நடங்கள்" என்று எழுதினீர்கள். எந்த நாலடி என்பது உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் இருந்தேன். பட்டர்ஸ்காட்ச்சில் உட்கார்ந்த மனுஷனிடம் போய் எனக்கு முட்டி வலி என்று சொல்லிக்கொள்வதா?

அவமானம் என் பக்கத்தோடு நின்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். நேற்று சாப்பிடும்போது மாளவிகாவிடம் பேச்சுவாக்கில் அந்த மீன்கொத்தியைப் பற்றிக் கேட்டேன். "அதுவா? எங்கப்பா ஒரு நீளமான லென்ஸ் வெச்சிருந்தாரே, அதுல எடுத்தது. ஏம்ப்பா கேக்கறேள்?" என்றாள். ஒன்றுமில்லை என்று இன்னொரு கரண்டி சாம்பார் விட்டுக்கொண்டேன். அவ்வளவு ருசியான சாம்பாரை நான் இந்த ஜன்மத்தில் சாப்பிட்டதில்லை.

குழந்தைகள் பத்தொன்பதாம் தேதி மத்தியானம் கிளம்பி வருகிறார்கள். இது என் கையெழுத்து. படத்தை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பிக்கொள்ளுங்கள்.

அனந்தகிருஷ்ணன்


ராஜகீழ்ப்பாக்கம்
17.10.2025

சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை ரோஹிணிதான் முதலில் பிரித்தாள். படித்துவிட்டு, "முட்டி வலிக்காரரைப் போய் நட நடன்னு எழுதியிருக்கேளே, நன்னாவா இருக்கு?" என்றாள். பிறகு அலமாரிக்குப் போய், பழைய போர்வைக்கு அடியில் கைவிட்டு, நான் மூன்று வருஷமாக ஒளித்து வைத்திருந்த சாமானை எடுத்து என் எதிரில் வைத்தாள். அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஆமாம். எழுபது–முந்நூறு. மீன்கொத்தியை நோக்கி நான் நடந்தது உண்மை. ஆறு நாள் நடந்தேன், ஆறு நாளும் பறந்தது. ஏழாம் நாள் பச்சைப் பசேலென்று இருந்ததே என்று ஆகாயத்தாமரையின் மேல் கால் வைத்தேன். இடுப்புவரை போனேன். எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "யோவ், பெர்சு, தண்ணிக்கும் தரைக்கும் வித்தியாசம் தெர்ல, நீயெல்லாம் இன்னாத்த போட்டோ புடிச்சிகினு" என்று கழி நீட்டி வெளியே இழுத்தாள். மறுநாள் ஜூம் வாங்கினேன். அடுத்த வாரம் காலண்டரில் ஜூன் மாதம் ஆனேன். அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் பகா லென்ஸ்தான், வேறு வழியில்லை. நடந்தே எடுத்தது என்று காலனியில் சொல்லிவிட்டேன், ஐந்நூறு பிரதி வேறு போயிருந்தது.

அந்த லென்ஸை இன்று கூரியரில் அனுப்புகிறேன். இது சீர் அல்ல. சீர் என்று ஒரு எழுத்து மாளவிகா காதில் விழுந்தால் இரண்டு வீட்டுக்கும் தீபாவளி கிடையாது. மாப்பிள்ளைக்கும் அல்ல. தங்களுக்கு, இரவல். இரவல் கொடுத்தவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு, வாங்கினவரை நினைத்தபோதெல்லாம் ஏளனம் செய்யலாம். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

முந்நூறில் கை நடுக்கம் காட்டிக்கொடுத்துவிடும். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளவும். தங்கள் ஊரில் சுவர் நேராக இருந்தால்.

ஸ்ரீநிவாசராகவன்


கூடுவாஞ்சேரி
22.10.2025

சம்பந்திக்கு,

பார்சல் பதினெட்டாம் தேதியே வந்தது. ஒரு பக்கம் கீறல், ஜூம் வளையம் இறுக்கம், உள்ளே தூசு. என்னிடம் வந்திருந்தால் ரிஜெக்ட். வைத்துக்கொண்டேன்.

ஹர்ஷாவிடம் பூஜை விவகாரத்தை நானே சொல்லிவிட்டேன். "அன்னிக்கே தெரியும்ப்பா. லென்ஸ்லேர்ந்து வாசனை வந்துது" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டைத் தேடப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரைக்குக் கிளம்பினார்கள். சாவித்ரி வாசலில் நின்று வழியனுப்பினாள். நான் படி இறங்கவில்லை. மாடியில், கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். சுவர் நேராகத்தான் இருக்கிறது. பைக் தெருமுனைக்குப் போய் மெயின் ரோட்டில் திரும்பக் காத்து நின்றது. இங்கிருந்து வெறும் கண்ணுக்கு இரண்டு ஹெல்மெட்தான். முந்நூறுக்குத் திருகினேன்.

அவள் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, அவன் முதுகில் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள், "போ, போ, சீக்கிரம் போ" என்று. வாய் அசைவு அப்படியே தெரிந்தது. இந்த வீட்டுக்கு வந்து ஆறு வாரமாகிறது. தினம் என் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை.

நாலு படம் எடுத்தேன். மூன்றில் மின்கம்பம். நாலாவதைப் பிரிண்ட் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டுக்குக் கிளம்பிய முகம். அது உங்களிடம் இருப்பதுதான் முறை.

நடந்துபோய் இதை எடுத்திருக்க முடியாது. கிட்டே போயிருந்தால், "வரேன்ப்பா" என்று அடக்கமாகச் சொல்லியிருப்பாள்.

அனந்தகிருஷ்ணன்


ராஜகீழ்ப்பாக்கம்
25.10.2025

சம்பந்தி,

படம் கிடைத்தது. சாய்ந்திருக்கிறது. வலது ஓரத்தில் யாருடைய மாடோ பாதி வந்திருக்கிறது. ஃபோகஸ் என் பெண்ணின் முகத்தில் இல்லை, மாப்பிள்ளையின் ஹெல்மெட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. அதிலுள்ள எழுத்தைத் தெளிவாகப் படிக்க முடிகிறது. பத்தாவது படிக்கிற பையன் இப்படி எடுத்து வந்தால் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருப்பேன்.

பெரிதாக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன், இன்று வந்தது. கூடத்தில் மாட்டுவதற்கு இடம் போதவில்லை. மீன்கொத்தியைக் கழற்றிவிட்டேன்.

ஸ்ரீநிவாசராகவன்